லாபம் 8 வர வேண்டிய இடத்தில் 200 வருகிறது: டேட்டா இரண்டு முறை ஏறிவிட்டதா?

சில்லறைக்கணக்கு:
வணக்கம். ஹைபீரியன் பிளானிங்கில் (ஆரக்கிளின் பட்ஜெட் மென்பொருள்) அக்கவுண்ட் டைமென்ஷன், அதாவது கணக்குகளின் மரம், பற்றி ஒரு சந்தேகம்.

எங்கள் செலவுக் கணக்குகள் கம்பெனிகள் சட்டத்தின் ஷெட்யூல் 3 வரிசைப்படி இருக்கின்றன: பொருள், சம்பளம், வட்டி, தேய்மானம், இதரச் செலவு. வெளிநாட்டுத் தலைமையகம் எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபம்) கேட்கிறது. அதனால் அதே கணக்குகளை ஷேர்ட் மெம்பராக (அசல் கணக்கையே இன்னொரு இடத்திலும் காட்டும் மெம்பர்) போட்டு இரண்டாவது ஹைரார்க்கி கட்டினேன். எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று அதை 'வரிக்கு முந்தைய லாபம்' மெம்பருக்கு அடியிலேயே, வருமானம், மொத்தச் செலவுக்கு அடுத்து, மூன்றாவது பிள்ளையாகச் சேர்த்துவிட்டேன்.

சின்ன எண்களில் சொல்கிறேன். வருமானம் 100, பொருள் 60, சம்பளம் 15, இதரம் 10, தேய்மானம் 5, வட்டி 2. லாபம் 8 வர வேண்டும். 200 வருகிறது! சரியாக வருமானத்தின் இரண்டு மடங்கு. லோட் ஃபைலை இரண்டு நாளாகச் சலித்துவிட்டேன், ஒரு வரிகூட இருமுறை இல்லை. டேட்டா இருக்கும் கியூபை கிளியர் செய்து மறுபடி ஏற்றினாலும் அதே 200.

பேரேடு:
எபிட்டா மெம்பரில் மட்டும் என்ன வருகிறது?

சில்லறைக்கணக்கு:
185. 15 வர வேண்டும்.

பேரேடு:
லோட் ஃபைலை மூடி வையுங்கள், அதில் ஒன்றுமில்லை. 185 என்பது 100 + 60 + 15 + 10. புது ஹைரார்க்கியில் செலவு கழியவில்லை, கூடுகிறது. தேய்மானமும் வட்டியும் சேர்ந்தால் 192. ஏற்கெனவே உள்ள 8 அதோடு சேர்ந்தால் 200.

பழைய பக்கத்தில் செலவு 92 கழிகிறது, புதுப் பக்கத்தில் அதே 92 கூடுகிறது. இரண்டும் அடிபட்டுப் போய், வருமானம் மட்டும் இருமுறை மிஞ்சுகிறது. இரட்டை லோட் மாதிரி தெரிவது இதனால்தான். நிஜமாகவே டேட்டா இரண்டு முறை ஏறியிருந்தால் லாபம் 16 ஆகியிருக்குமே தவிர 200 ஆகியிருக்காது.

சில்லறைக்கணக்கு:
ஆனால் அந்தக் கணக்குகளின் அக்கவுண்ட் டைப் எல்லாம் எக்ஸ்பென்ஸ்தானே? தானாகக் கழிய வேண்டாமா?

நடுச்சாமக்_குளோசிங்:
இதற்கு முன் எச்எஃப்எம்மில் (ஹைபீரியனின் கணக்கு ஒருங்கிணைப்பு மென்பொருள்) வேலை பார்த்தீர்களோ? அங்கே கழியும். அக்கவுண்ட் டைப்பை வைத்தே அது கூட்டல் கழித்தலை முடிவு செய்துவிடும். பிளானிங்குக்கு அடியில் இருப்பது எஸ்பேஸ் என்ற டேட்டாபேஸ். அதற்கு எக்ஸ்பென்ஸ் என்பது பட்ஜெட்டைவிடச் செலவு கூடினால் பாதகம் என்று வேரியன்ஸில் காட்டுவதற்கு மட்டும்தான். கூட்டுவதா கழிப்பதா என்பதை ஒவ்வொரு மெம்பரிலும் உள்ள கன்சாலிடேஷன் ஆப்பரேட்டரே சொல்லும்.

அந்த ஆப்பரேட்டர் கணக்கோடு ஒட்டியதல்ல, அது உட்கார்ந்திருக்கும் இடத்தோடு ஒட்டியது. 'மொத்தச் செலவு'க்கு அடியில் சம்பளத்துக்கு + இருப்பது சரிதான், ஏனென்றால் மொத்தச் செலவே மேலே − ஆகப் போகிறது. எபிட்டாவுக்கு நேரடியாக அடியில் வரும்போது அதே சம்பளத்துக்கு − வேண்டும். ஷேர்ட் மெம்பர் போடும்போது இயல்பாக + விழும், நாம்தான் மாற்ற வேண்டும். நானும் ஒரு மார்ச் முடிவில் இதில் மாட்டி விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன்.

சில்லறைக்கணக்கு:
ஆமாம், எச்எஃப்எம்தான்! ஐந்து செலவுக்கும் − போட்டுவிட்டேன். எபிட்டா 15, அருமை. ஆனால் லாபம் 16 வருகிறது. அப்போது இருமுறை லோட் ஆகியிருக்கிறதோ?

பேரேடு:
இல்லை, இல்லை! இப்போது இரண்டு பக்கமும் சரியாக 8 கொடுக்கிறது, நீங்கள் இரண்டையும் கூட்டிக்கொண்டிருக்கிறீர்கள். புது ஹைரார்க்கியின் தலை மெம்பருக்கு ~ போடுங்கள், இக்னோர் என்று இருக்கும். உள்ளே கணக்கு நடக்கும், மேலே ஏறாது. இன்னும் நல்லது, அதை லாபத்துக்கு அடியிலிருந்து எடுத்துத் தனி மரமாக நிறுத்துவது. அங்கும் ~ இருக்கட்டும்.

எக்செல்_பக்தன்:
ஒரு எபிட்டாவுக்கு இவ்வளவு பாடா? எக்செல்லில் ஒரு ஃபார்முலா போதும்.

நடுச்சாமக்_குளோசிங்:
இந்த மாதத்துக்குப் போதும். அடுத்த மாதம் புதுச் செலவுக் கணக்கு ஒன்று திறப்பார்கள், உங்கள் ஃபார்முலாவுக்கு அது தெரியாது. ஹைரார்க்கியிலும் அதை இரண்டு இடத்தில் சேர்க்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பக்க லாபத்தையும் ஒரு ஃபார்மில் அடுத்தடுத்து வைத்து வித்தியாசம் 0 வருகிறதா என்று பார்த்தால் விட்டுப்போனது உடனே தெரிந்துவிடும்.

சில்லறைக்கணக்கு:
லாபம் 8, எபிட்டா 15. மிக்க நன்றி! இன்னொன்று: இயக்குநர் கண்ணில் முதலில் படட்டும் என்று புது மரத்தை அவுட்லைனில் (எல்லா மெம்பர்களின் வரிசை) மேலே நகர்த்தினேன், மாற்றத்தை எஸ்பேஸுக்கு அனுப்பும் ரிஃப்ரெஷ் எரர் அடிக்கிறது.

பேரேடு:
கீழே இறக்குங்கள். அசல் மெம்பர் முதலில் வர வேண்டும், ஷேர்ட் மெம்பர் அதற்குப் பிறகுதான் வரலாம். இயக்குநர் அவுட்லைனையா திறந்து பார்க்கப் போகிறார்? ரிப்போர்ட்டில் எபிட்டாவை முதல் வரியில் வைத்துக் கொடுங்கள்.

சில்லறைக்கணக்கு:
இறக்கிவிட்டேன், ரிஃப்ரெஷ் ஓடிவிட்டது. இழையை முடித்துக்கொள்கிறேன்.