ஆண்டுக்கு 84 வெறும் நாட்கள்: எங்கே போகின்றன? உதவி தேவை

வணக்கம். 40 தாய்ப்பன்றிகள் உள்ள யார்க்‌ஷயர் இனப் பன்றிப் பண்ணையின் பதிவேட்டை அலசுகிறேன், உதவுங்கள்.

சினைக்காலம் 114 நாள், பாலூட்டல் 42 நாள், ஆக ஈற்றுக்கு 156. குட்டி பிரித்து 7 நாளில் பருவத்துக்கு வந்து முதல் சேர்க்கையிலேயே சினை பிடித்தால் 163 நாளில் ஒரு சுற்று; ஆண்டுக்கு 2.24 ஈற்று. எங்களுக்கு வருவது 1.8. அதாவது 365-இல் 281 போக, ஒவ்வொரு தாயும் 84 நாள் சினையும் இல்லாமல் பாலும் கொடுக்காமல் தீவனம் தின்கிறது; இவையே வெறும் நாட்கள். ஈற்றுக்குப் பத்துக் குட்டி உயிரோடு பிறப்பதால் இந்தக் குறை கண்ணுக்கே தெரிவதில்லை. குட்டி எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தாயைக் கழிப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து.

பிரித்த பின் பருவத்துக்கு வருவதில் தாமதமில்லை. சேர்த்த பின் திரும்புவதில்தான், அதாவது சினை நிற்காமல் மறுபடி பருவத்துக்கு வருவதில்தான் சிக்கல். 18–24 நாளில் திரும்பினால் பெரும்பாலும் கரு தரிக்கவில்லை, சேர்த்த நேரத்தையோ ஆண் பன்றியின் விந்தையோ சந்தேகிக்கலாம். இங்கே பெரும்பாலானவை 26–35 நாளில் திரும்புகின்றன. கரு தங்கிப் பிறகு அழிந்திருக்க வேண்டும். கோடை வெப்பம், பூஞ்சை பிடித்த மக்காச்சோளம், லெப்டோ (லெப்டோஸ்பைரோசிஸ் என்ற பாக்டீரியா நோய்) மூன்றுமே சாத்தியம். சேர்த்ததும் முதல் மாதத்துக்குள் கொட்டில் மாற்றுவதும் காரணமாகலாம்.

கேட்க விரும்புவது: இவற்றில் எதை முதலில் சோதிப்பீர்கள்? ரத்த மாதிரியை எப்போது, எத்தனை பன்றிகளிடம் எடுக்க வேண்டும்? இளம் பெண்பன்றிகளின் வெறும் நாட்களைப் பண்ணைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்களா, முதல் சேர்க்கையிலிருந்தா? முறை மாறினால் எண்ணும் மாறும், ஆகவே உங்கள் கணக்கைப் போடும்போது அதையும் குறிப்பிடுங்கள்.