வாரை அவிழ்த்துவிட்ட நாய்கள்: நெல்லைப் பக்கம் கண்டதும் கையாண்டதும்

(ஒவ்வொரு பகுதிக்காரரும் எழுதிய பதிவுகள் இவை. எழுதியவர் பெயருக்குப் பதில் அவர் ஊர் இருக்கிறது.)

பெருமாள்புரம்:
பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் பக்கம் காலைல நடக்கிறவங்களுக்கு இந்தக் கன்னி இன வேட்டை நாயைத் தெரிஞ்சிருக்கும். கறுப்பு, கால்ல மட்டும் செம்பட்டை. டியூஷனுக்கு சைக்கிள்ல போன ஒரு பையன் குறுக்க வந்தான். நாய் முன்னால பாயல. ரெண்டடி பின்வாங்கித் தலையைக் குனிஞ்சுது, பெல்ட் காதைத் தாண்டி உருவிட்டு. ஓனர் கையில வார், வார் நுனியில வெறும் பெல்ட், நாய் அந்தப் பையனோட கெண்டைக்கால்ல. அப்பவும் அவர் சொன்னது: "பயப்படாத தம்பி, ஒண்ணும் செய்யாது." சின்னப் பல் தடம்தான், ஆனா அந்தச் சொல்லைத்தான் மறக்க முடியல.

கன்னி, சிப்பிப்பாறை வளர்க்கிற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம் இது. இந்த வகைக்குத் தலை குறுகல், கழுத்து கிட்டத்தட்ட தலை அளவுக்கே இருக்கும். சாதா பெல்ட் கழுத்துல நிக்காது. நிக்கிற அளவு இறுக்கினா மூச்சு முட்டும், தளர்த்தினா உருவிரும். மார்ட்டிங்கேல்னு ஒரு காலர் இருக்கு. பெரிய பட்டையோட ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு வளையம், அதுக்குள்ள ஓடுற ஒரு சின்னச் சுருக்கு. நாய் இழுத்தா சுருங்கும், நின்னா தளரும். ஒன்றரை இஞ்ச்லிருந்து ரெண்டு இஞ்ச் அகலம் வேணும், ஒல்லிப் பட்டை தொண்டையை அறுக்கும். காதுக்கு ஒட்டிப் பின்னால, கழுத்தோட மேல்பகுதியில வச்சு அளந்து மாட்டுங்க. மாட்டினதும் வாரை நல்லா இழுத்துப் பாருங்க. ரெண்டு வளையமும் ஒண்ணோட ஒண்ணு முட்டினா காலர் பெருசுன்னு அர்த்தம், அது கழண்டுரும். நடுவுல ரெண்டு விரல் இடைவெளி நிக்கணும். இந்தக் காலரோட நாயைக் கட்டிப்போட்டுட்டுப் போகாதீங்க, எங்கயாவது மாட்டிச் சுருங்கினா எடுத்துவிட ஆள் இருக்காது.

நாங்குநேரி:
ஆட்டுக்கிடை பத்தி யாரும் பேசல. அறுவடை முடிஞ்ச வயல்ல கிடை போட்டிருக்காங்க. ரோட்டு ஓரமா கார் நிக்குது, கதவைத் திறந்ததும் நாய் இறங்குது, அவ்வளவுதான். அது கடிச்சது ரெண்டே ரெண்டு ஆடு. மிச்ச ஆடு பூரா பட்டியோட ஒரே மூலையில போய் அப்பிக்கிட்டு. அடியில சிக்கினது மூச்சு முட்டிச் செத்துப் போச்சு. பல் ஒண்ணுமே படாத ஆடு. கிடையைப் பாத்துக்கிடுற கீதாரி அதைத் தூக்கி வரப்புல போட்டப்ப, கார்க்காரர், "அதை என் நாய் தொடவே இல்லையே"ன்னு சொன்னாரு.

தொட வேண்டாம், விரட்டினாலே போதும். சினை ஆடா இருந்தா அன்னைக்கு நல்லா இருக்கும், சில நாள் கழிச்சுக் குட்டி கலையும். அதனால நஷ்டஈடு பேசுறப்ப செத்த ஆட்டுக்கு மட்டும் கணக்குப் போட்டு முடிச்சிராதீங்க. சினை ஆடு எத்தனைன்னு எழுதி வாங்கிக்கிடுங்க. கடிபட்ட ஆட்டைத் தொடை, தொண்டை ரெண்டு இடத்துலயும் மயிரைக் கத்தரிச்சுப் பாக்கணும். வெளியில மிளகு அளவு ஓட்டைதான் தெரியும், உள்ள சதை கிழிஞ்சு கிடக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, போவிடோன் அயோடின் உள்ள இறங்குற மாதிரி ஊத்தணும். ஓட்டையைத் தைச்சு மூடினா உள்ள சீழ் கட்டும். ஈ மொய்க்க விட்டா ரெண்டு மூணு நாள்ல புழு வச்சிரும். கடிச்ச நாய்க்கு வெறிநோய் ஊசி போட்டிருக்கான்னு கேளுங்க. இல்லன்னா ஆட்டுக்கும் ஊசி போடணுமான்னு கால்நடை டாக்டர்ட்ட அன்னைக்கே கேட்டுரணும்.

கோவில்பட்டி ரோடு:
பெருமாள்புரம் அண்ணாச்சி, காலர் பத்திச் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா கன்னின்னாலே கடிக்கிற நாய் மாதிரி படிக்கிறவங்களுக்குத் தோணிரும். அந்த நாய் பையனைப் பாக்கல, ஓடுற சக்கரத்தைப் பாத்திருக்கு. கரிசக்காட்டுல முயல் விரட்டன்னு தலைமுறை தலைமுறையாத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம் அது. கண்ணுல அசைவு பட்டா ஓடும், அந்த நேரம் காதுல எதுவும் விழாது. இன்னைக்கு முயலை விரட்டவிட்டாலும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைதான், வழக்கு வரும்.

ஓட்டம் இல்லாம இந்த நாய் இருக்காது, அதுவும் நிஜம். அதுக்குன்னு ரோட்டுல அவிழ்த்து விடக்கூடாது. ஆறடிச் சுவர் உள்ள தோப்போ மனையோ பாத்து, இடத்துக்காரர்ட்டச் சொல்லிட்டு, கேட்டுக்கு அடியில இருக்கிற இடைவெளியைப் பலகை வச்சு அடைச்சிட்டு, வெயிலுக்கு முன்ன இருபது நிமிஷம் விடுங்க. நல்ல ஓட்டம் அதுக்குள்ள முடிஞ்சிரும்.

கூப்பிட்டா வரப் பழக்கணும்னா: ஒரே சொல், "வா". அந்தச் சொல்லைக் குளிப்பாட்டவோ கட்டிப்போடவோ சொல்லாதீங்க. ஆட்டு ஈரலை அவிச்சு, சுண்டுவிரல் நக அளவு துண்டு போட்டுக்கிடுங்க. முதல்ல வீட்டுக்குள்ள மூணு மீட்டர் தூரத்துல, ஒரு வேளைக்குப் பத்துத் தடவை. பத்துக்கு ஒன்பது தடவை உடனே வந்தாத்தான் முற்றத்துக்குப் போகணும். முற்றத்துல சரியானா, அஞ்சு மீட்டர் நீளக்கயிறோட வெட்டவெளிக்கு. ஒரு தடவைக்கு மேல கூப்பிடாதீங்க. வரலன்னா கயிறைப் பிடிச்சு மெதுவா இழுத்து வரவைங்க, வந்தபிறகு துண்டைக் குடுங்க. வந்ததும் ஒவ்வொரு தடவையும் வாரை மாட்டி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, வந்தா விளையாட்டு முடிஞ்சுதுன்னு நாய்க்குப் புரிஞ்சிரும். ஆறு தடவையில அஞ்சு தடவை திரும்ப விட்டுருங்க. லேட்டா வந்ததுக்கு அடிச்சீங்கன்னா, வந்ததுக்குத்தான் அடின்னு அது எடுத்துக்கிடும், அதோட எல்லாம் போச்சு.

நீளக்கயிறைக் கழுத்துல மாட்டக்கூடாது, மார்பு வார்லதான் மாட்டணும். கன்னி சில பாய்ச்சல்லயே வேகம் எடுத்துரும். கயிறு முடியுற இடத்துல வர்ற வெட்டு கழுத்துல விழுந்தா எலும்பே போகும். அதனாலதான் அஞ்சு மீட்டருக்கு மேல வேண்டாம்கிறேன். வழுவழு நைலான் கயிறு உள்ளங்கையை உரிச்சிரும், பட்டையான பருத்தி வார் நல்லது. கையில சுத்திக்கிடாதீங்க, மடிச்சு மடிச்சுப் பிடிங்க. சுத்தினா விரல் மாட்டும். பொத்தானை அமுக்கினா நீளுற சுருள் வார் இந்த நாய்க்கு ஆகாது. பூட்டு சறுக்கும், அந்த ஒல்லிக் கயிறு எதுக்க வர்றவங்க காலை அறுக்கும்.

இவ்வளவும் பழக்கின நாயும் முயலோ மயிலோ எந்திரிச்சா நிக்காது. நெல்லைச் சீமையில எந்த வரப்புல மயில் இல்ல, சொல்லுங்க?

ஹைகிரவுண்டு:
"சின்னப் பல் தடம்தான்" என்று முதல் பதிவில் இருக்கிறது. அந்த வரியை யாரும் நம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். வேறொரு பிள்ளையை, கடிபட்ட காலில் காபித்தூளை அப்பி, மேலே துணி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். துணியை அவிழ்த்தபோது தூள் ரத்தத்தோடு இறுகி ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. அதைக் கழுவி எடுப்பதற்குள் பிள்ளை துடித்துப்போனது.

காபித்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். வெறிநோய்க் கிருமி நரம்பில் ஏறுவதற்கு முன்னால் காயத்திலேயே குறைக்கிற வேலை அது. பிறகு போவிடோன் அயோடின். கட்டுப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

தோல் மேல் நக்கியது மட்டும், தோலில் கீறலே இல்லை என்றால் கழுவினால் போதும். ரத்தம் வராத கீறல் என்றால் தடுப்பூசி. பல் தோலைத் துளைத்து ஒரு பொட்டு ரத்தம் வந்தாலும் அது மூன்றாம் வகை, அதாவது கடுமையான வகை. தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கிற இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும், அதைக் காயத்துக்குள்ளும் சுற்றியும் செலுத்துவார்கள். அந்தப் பையனுக்கு இதுதான் தேவைப்பட்டிருக்கும். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தில் 0.1 மி.லி. கையில் போடும் தசை ஊசி என்றால் 0, 3, 7, 14, 28. மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். தயவுசெய்து முடியுங்கள். நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டியதும் உண்மை. ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. நோய் வந்துவிட்டால் வைத்தியமே இல்லை.

விக்கிரமசிங்கபுரம்:
மலையடிவாரத்துல கதை வேற. தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போன நாயை ஓடை ஓரத்துல அவிழ்த்து விட்டிருக்காங்க. புதருக்குள்ள போன நாய் குரைச்சுது, குரைச்ச வேகத்துலயே அலறிக்கிட்டுத் திரும்பி ஓனரோட காலுக்கு நடுவுல வந்து ஒண்டிக்கிட்டு. பின்னாலயே தாய்க்கரடி. முதுகுல குட்டி. நாய் மேல இருந்த கோவம் மனுசன் மேல திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? நல்லவேளை, மோட்டார் ரூம் கதவு திறந்திருந்துச்சு.

காட்டு விலங்கைப் பாத்த நாய் ஓனர்ட்டத்தான் ஓடிவரும், அதுக்குத் தெரிஞ்ச பாதுகாப்பு அதுதான். சிறுத்தைக்கு நாய் இரை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பக எல்லையை ஒட்டின ஊர்ல சாயங்காலம் நாயை வெளிய விடுறது சிறுத்தையை வாசலுக்கு அழைக்கிறதுதான். ஊசி போடாத நாய் காட்டுக்குள்ள போனா டிஸ்டெம்பர்ங்கிற வைரஸ் நோயை அங்க இருக்கிற விலங்குக்கும் குடுத்துட்டு வரும். அதையும் நெனச்சுப் பாக்கணும்.

மகாராஜநகர்:
எல்லாரும் வளர்க்கிறவனையே குத்தம் சொல்லுதீங்க. தெருநாய்க் கூட்டம் வந்து விழுந்தா யார் பொறுப்பு? வார்ல கட்டின நாய் அடிபட்டுச் சாகுறதுக்கு, அவிழ்த்து விட்டா ஓடியாவது தப்பிக்குமே.

வண்ணாரப்பேட்டை:
மகாராஜநகர் தம்பி, அவிழ்த்து விட்ட நாய் தப்பிக்காது. அது ஓட ஆரம்பிச்சதும் கூட்டம் விரட்டும், பைபாஸ்ல லாரி வரும். தெருநாய்க்கு அதோட எல்லைதான் முக்கியம். தூரத்துல பாத்ததும் வாரை இறுக்காம, நாயை உங்க காலோட சேர்த்துக்கிட்டு, வந்த வழியிலயே வளைஞ்சு நடங்க. வார் விறைச்சா உங்க நாய் முதல்ல உறுமும். ஒரு குடை இருந்தா முன்னால விரிச்சுப் பிடிங்க.

சண்டை மூண்டுட்டா கழுத்துப் பக்கம் கையைக் கொண்டு போகாதீங்க. வண்ணாரப்பேட்டையில ஒருத்தர் பெல்ட்டைப் பிடிக்கப் போயி, கடிச்சது அவரோட நாயேதான். பெருவிரல் நகத்தோட பெயர்ந்து தொங்கிச்சு. ஒரு வாளித் தண்ணியை மூக்குல வீசுங்க, இல்லன்னா நனைஞ்ச சாக்கைத் தலைமேல போடுங்க. அதுவும் இல்லன்னா ரெண்டு பேர், ஆளுக்கொரு நாய். பின்னங்கால் ரெண்டையும் தொடைக்கிட்டப் பிடிச்சுத் தூக்கி, ஒரே நேரத்துல பின்னால போங்க. போறப்ப வட்டமாத் திரும்பிக்கிட்டே போனாத்தான் அது வளைஞ்சு உங்களைக் கடிக்காது. ஒரு நாய் கவ்வி விடாமப் பிடிச்சிருந்தா இழுக்காதீங்க, சதை பிய்ஞ்சிரும். அது வாயை மாத்திப் பிடிக்கிற நொடி வரைக்கும் காத்திருங்க. பொறவு ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டு போங்க. வெளிய ரத்தம் இல்லன்னாலும் நெஞ்சுக்கூடு, வயிறு ரெண்டையும் காட்டணும்.

வாய்க்கூடு போட்டா எல்லாம் சரியாப் போகும்னு நினைக்கிறவங்களுக்கும் ஒண்ணு. துணியில தைச்ச குழாய் மாதிரி வாய்க்கூட்டை நம்ம வெயிலுக்குப் போட்டு நடக்கவே கூடாது. நாய்க்கு வாயைத் திறந்து இரைச்சாத்தான் சூடு இறங்கும். கூடை மாதிரி இருக்கிறதை வாங்குங்க. மூக்குக்கு முன்னால ஒரு சென்டிமீட்டர் இடம் விட்டு, உள்ள வாயைத் திறக்கவும் தண்ணி குடிக்கவும் முடியணும்.

நாயை அடக்கி வைக்காதவர் மேல் வழக்குப் போடலாமா என்று கேட்டவருக்கு:
2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் 291-ஆம் பிரிவு. மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ வாய்ப்புள்ள ஆபத்தைத் தடுக்கும் அளவுக்கு, தன் கையில் உள்ள விலங்கைத் தெரிந்தோ கவனக்குறைவாலோ அடக்கி வைக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 289-ஆம் பிரிவு, அபராதம் 1,000 ரூபாய் வரை. ஆட்டுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது, நாங்குநேரிக்காரர் சொன்ன மாதிரி நஷ்டஈடுதான் கேட்க வேண்டும். மனுவில் "நாய் கடித்தது" என்று மட்டும் எழுதினால் வலு இல்லை. வார் இருந்ததா, யார் கையில், எந்தத் தெரு, எத்தனை மணி, இதே நாய் முன்பு யாரை விரட்டியது, அதைப் பார்த்தவர் யார் என்று எழுதுங்கள். புறநோயாளி சீட்டின் நகலை இணையுங்கள். நாயின் தடுப்பூசி அட்டையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கடைசியாகப் போட்ட தேதி தெரிகிற மாதிரி.

பெருமாள்புரம்:
ஹைகிரவுண்டு சார் சொன்னதைப் படிச்சதும் அந்தப் பையன் வீட்டுல போய் விசாரிச்சாச்சு. முதல் ஊசி போட்டுட்டாங்க, ஆனா காயத்தைச் சுத்திப் போடுற ஊசி போடல. முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாளுக்குள்ள அதைப் போடலாம்னு சொல்லி, இன்னைக்கே கூட்டிட்டுப் போறாங்க. நாயோட ஓனரும் கூட வர்றாரு, அட்டையோட.