குள்ளக் கடல்குதிரையோட பெப்பர்மின்ட் இறாலை விடலாமா?

காட்பாடி_உப்புத்தொட்டி:
நேத்து வாட்சப் குழுவுல ஒருத்தர் போட்டிருக்காரு: "குள்ளக் கடல்குதிரைக்குப் பெப்பர்மின்ட் இறால்தான் பத்திரமான துணை, தொட்டியில முளைச்சு குதிரையைக் கொட்டற ஹைட்ராய்டுப் பிராணியையெல்லாம் தின்னு தீர்த்துடும்." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. இந்தக் குள்ளக் குதிரை, அதாவது ஹிப்போகாம்பஸ் ஸோஸ்டெரே, முழுசா வளர்ந்தாலே 2.5 செ.மீ.தான். இறால் 5 செ.மீ. புதுசா பொறந்த குட்டி 1 செ.மீ.கூட இருக்காது. இறால் மேய வர்றது ராத்திரி. அந்நேரம் குதிரை காலெர்பா பாசித் தண்டுல வாலைச் சுத்திக்கிட்டு அசையாம நிக்கும். இறால் மேல ஏறி நடந்தாக்கூட விலகத் தெரியாது.

சத்துவாச்சாரி_ரீஃப்:
போட்டது நான்தான். பேரைச் சொல்லியே எழுதியிருக்கலாமே, எதுக்கு "ஒருத்தர்"? பெப்பர்மின்ட் ஏய்ப்டேசியாங்கிற கொட்டற கடல் அனிமோனைத் திங்கும், ஹைட்ராய்டையும் கொறிக்கும். வயிறு நிறைஞ்ச இறால் குதிரைகிட்ட போகாது. சாயங்காலம் கொஞ்சம் உறைஞ்ச மைசிஸ் (பொடி இறால் தீனி) போடுங்க, போதும்.

காட்பாடி_உப்புத்தொட்டி:
5 செ.மீ. இறால், 2.5 செ.மீ. குதிரை. இதுக்குப் பதில் எங்க?
20 லிட்டர் தொட்டியில மிச்ச மைசிஸ் அழுகினா விடியறதுக்குள்ள அம்மோனியா ஏறிடும். ஹைட்ராய்டை வரவிடாம பண்றதுதான் வேலை. அது தீனியோடயும் தொத்திக்கிட்டு வரும். அதனால குதிரைக்குத் தீனியா போடற ஆர்டீமியா (உப்புநீர்ப் பொடி இறால்) முட்டையை ப்ளீச்சுல ஓடு கரைச்சிட்டுக் குஞ்சு பொரிக்க விடுங்க: லிட்டருக்கு 25 கிராம் உப்பு, 28 டிகிரி, 24 மணி நேரம். நல்ல தண்ணியில அலசிட்டுத்தான் விடணும். மீறி ஹைட்ராய்டு வந்துட்டா ஃபென்பெண்டசோல்ங்கிற மாட்டுக் குடற்புழு மருந்து, 22 சதவீத பவுடர்னா 38 லிட்டருக்கு அரைக்கால் டீஸ்பூன், ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூணு தடவை. இறால் தாங்கும், நத்தை பல வகை தாங்காது. மருந்து பாறையில ஊறி மாசக்கணக்குல நிக்கும்.
துணை வேணுமா, தோர்ங்கிற குட்டி இறால் விடுங்க. 2 செ.மீ. தாண்டாது.

குடியாத்தம்_நீலம்:
மாட்டு மருந்துக்கடையில எல்லாப் பவுடரும் ஒரே சதவீதம் இல்லைங்க. டப்பாவைப் படிக்காம இந்த அளவைப் போட்டா யார் பொறுப்பு? அதோட கடல்குதிரை 2001லேருந்து வனஉயிர்ச் சட்டத்துல இருக்கு. அதைப் பத்தி ரெண்டு பேரும் மூச்சே விடலை.

சத்துவாச்சாரி_ரீஃப்:
ஸோஸ்டெரே ஃப்ளோரிடாப் பக்கத்து மீனு. நம்ம ராமேஸ்வரம் கடல்ல பிடிச்சதா?

குடியாத்தம்_நீலம்:
ஹிப்போகாம்பஸ், அதாவது கடல்குதிரை இனம் மொத்தமும் 2004லேருந்து சைட்டிஸ் (சர்வதேச வனஉயிர் வர்த்தக ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியல்ல இருக்கு. உயிரோட வெச்சிருந்தா பதிவு பண்ணணும். காகிதம் இல்லாம வாங்காதீங்க.

காட்பாடி_உப்புத்தொட்டி:
22 சதவீதம்னு எழுதியிருக்கேன், கண்ணைத் தொறந்து படிங்க. சட்டத்துக்குத் தனி இழை போடுங்க. இங்க கேள்வி 5 செ.மீ. இறால்.

ஆம்பூர்_அலை:
இறால் கெடக்கட்டும், சூட்டுக்கு என்ன வழி? குதிரைக்கு 20லேருந்து 24 டிகிரி வேணும். வேலூர்ல மே மாசம் 40 தாண்டுது. ஃபேன் வெச்சா ரெண்டு மூணு டிகிரிதான் இறங்கும், தண்ணி ஆவியாகி உப்பு ஏறும். ஆர்ஓ தண்ணி தினமும் ஊத்தணும். போர் தண்ணி ஊத்தாதீங்க. சில்லர் (தண்ணியைக் குளிர வைக்கற மெஷின்) இல்லாதவன் இதுல இறங்கவே கூடாது.

சத்துவாச்சாரி_ரீஃப்:
தம்பி காட்பாடி, கடையில பெப்பர்மின்ட்னு சொல்லி ஒட்டக இறாலைத் தர்றாங்க. அதுக்கு முகத்து முள் மேலயும் கீழயும் மடங்கும், உடம்புல வெள்ளைக் கோடு பட்டையா இருக்கும். அது செஞ்ச தப்பையெல்லாம் லிஸ்மாட்டா, அதாவது அசல் பெப்பர்மின்ட், தலையில கட்டுறீங்க.

காட்பாடி_உப்புத்தொட்டி:
தம்பின்னு கூப்பிடற வேலை வேணாம். லிஸ்மாட்டாவே இருக்கட்டும், அதுவும் 5 செ.மீ.தான். குட்டி தப்பிக்கும்னு ஒரு வரி எழுத முடியுமா?

சத்துவாச்சாரி_ரீஃப்:
குட்டியைத் தனித் தொட்டிக்கு மாத்தாதவனுக்கு நான் ஏன் எழுதணும்? நான் சொன்னது பெரிய குதிரைக்கு.

காட்பாடி_உப்புத்தொட்டி:
நேத்து போட்டதுல "பெரிய"ங்கிற வார்த்தையே இல்லை. பெரிய குதிரைன்னாலும் 2.5 செ.மீ.தான். இறால் 5.