எவிக்‌ஷன், டிரான்ஸ்ஃபர்: வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு சொற்கள் தேவை

குறிப்பேடு எழுதியது:

மொழிபெயர்ப்பாளர் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ரசிகர்களின் கருத்துகளைத் திரட்டும் ஓர் ஆய்வுக்கான வினாத்தாளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். ‘பிக் பாஸ்’ போன்ற ரியாலிட்டி நிகழ்ச்சியில் தமக்குப் பிடித்த போட்டியாளர் வீட்டை விட்டு அனுப்பப்படும்போது ரசிகர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது முதற்பகுதி. கால்பந்து ஆட்டக்காரர் ஒரு கிளப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது என்ன நினைக்கிறார்கள் என்பது இரண்டாம் பகுதி.

முதல் வரைவில் ‘வெளியேற்றம்’, ‘இடமாற்றம்’ என்று எழுதியிருந்தேன். முன்னோட்டமாகப் படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், “உங்களுக்குப் பிடித்த ஆட்டக்காரரின் இடமாற்றத்தை ஏற்றுக்கொண்டீர்களா?” என்ற வினாவுக்கு, “ஏற்றுக்கொள்ளவில்லை, முன்கள ஆட்டக்காரரை நடுக்களத்தில் நிறுத்தியது பயிற்சியாளரின் தவறு” என்று விடை எழுதித் தந்தார். ஆட்டக்காரர் களத்துக்குள் இடம் மாறியதைக் கேட்கிறேன் என்று அவர் எண்ணிவிட்டார். இன்னொருவர், தாமாகவே கிளம்பிச் சென்ற போட்டியாளரையும் ‘வெளியேற்றம்’ என்பதற்குள் அடக்கிக்கொண்டார். வினாத்தாளில் இது பெரும் குழப்பம்.

எவிக்‌ஷன், டிரான்ஸ்ஃபர் என்றே விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். எவிக்‌ஷனையும் எலிமினேஷனையும் ஒன்றாகவே பலரும் வழங்குகிறார்கள் என்பதால், தமிழ்ச் சொல்லும் அதற்கு ஒரு வரி விளக்கமும் வேண்டும் என்று ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். உதவுங்கள்.

கரும்பலகை எழுதியது:

வணக்கம். வகுப்பில் நாள்தோறும் சொற்களோடு போராடுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். கேட்ட மாத்திரத்தில் விளங்காத சொல் கலைச்சொல் ஆகாது. ‘வெளியேற்றம்’ ஏற்கெனவே நிகழ்ச்சியிலும் செய்தியிலும் புழங்குகிறது; அதை மாற்ற வேண்டாம். டிரான்ஸ்ஃபருக்குக் ‘கிளப் மாற்றம்’ என்று எழுதுங்கள். இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் போட்டால் வேலை முடிந்தது.

வேர்தேடி எழுதியது:

அன்புள்ள குறிப்பேடு அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

கரும்பலகை அம்மையாரின் அவசரம் புரிகிறது. ஆனால் நம் மொழி இந்த நிகழ்ச்சிக்கென்றே ஒரு சொல்லைப் பல நூற்றாண்டுகளாகக் காத்து வைத்திருக்கும்போது, கைக்கு வந்ததை எடுத்துப் போடுவானேன்?

‘வீடு’ என்பதைப் பாருங்கள். கெடு என்பது கேடு ஆவதும், சுடு என்பது சூடு ஆவதும், பெறு என்பது பேறு ஆவதும் போல, விடு என்ற வினை முதனிலை நீண்டு ‘வீடு’ ஆயிற்று. அறம், பொருள், இன்பம், வீடு என்னும்போது விடுதலை என்ற மூலப் பொருளிலேயே அது நிற்கிறது. வேலை விட்டு வந்து தங்கும் இடம் என்ற பொருள் அதே வேரிலிருந்து கிளைத்ததே. ஆக, வீட்டிலிருந்து விடப்படுவதற்கு ‘வீடு’ என்பதைவிடப் பொருத்தமான பெயர் எதுவாக இருக்க முடியும்? போட்டியாளர் வீடு துறந்து வீடு பெறுகிறார். ஒருசொல் இருபொருளாக நிற்பதை வாசகர் சுவைப்பார்கள். தயக்கம் இருந்தால் ‘வீடுபேறு’ என்று விரித்துக்கொள்ளலாம்.

டிரான்ஸ்ஃபருக்குப் ‘பெயர்ச்சி’. நாம் எல்லோரும் செய்வது மொழிபெயர்ப்பு. ஒரு மொழியிலிருந்து பொருள் பெயர்வதற்கு ஏற்ற வினை, ஒரு கிளப்பிலிருந்து ஆட்டக்காரர் பெயர்வதற்கு ஏலாதா?

பத்தாம் எண் எழுதியது:

வேர்தேடி ஐயா, வணக்கம். தங்கள் விளக்கத்தை ரசித்துப் படித்தேன். ஆனால் “உங்கள் அபிமானப் போட்டியாளரின் வீடுபேறு உங்களை வருத்தியதா?” என்று கேட்டால், அவர் காலமாகிவிட்டார் என்று நினைத்து ரசிகர்கள் இரங்கல் எழுதுவார்கள். ‘பெயர்ச்சி’ என்றால் குருவும் சனியும்தான் முன்னால் வந்து நிற்பார்கள். குரு ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறைதான் பெயர்கிறார். ஆட்டக்காரர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை கதவு திறக்கிறது. எந்தக் கிளப்புக்கு எந்த இடத்தில் நற்பலன் என்று நாளிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதுவது மட்டும் இரண்டுக்கும் பொது.

கால்பந்துப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். டிரான்ஸ்ஃபர் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று நான்கு வேறு நிகழ்வுகள் ஒளிந்திருக்கின்றன. ரசிகரின் கோபம் எது நடந்தது என்பதைப் பொறுத்தே மாறுகிறது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கிளப் பணம் கேட்டு ஆட்டக்காரரைப் பிடித்துவைக்கலாம் என்ற நிலையை ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பரில் பாஸ்மன் வழக்கில் உடைத்தது. அதுவரை ஒப்பந்தம் முடிந்தவர்கூடக் கிளப்புகள் பேசி முடித்தால்தான் நகர முடிந்தது. அதற்குப் பின் ஒப்பந்தம் முடிந்தவர் தம் காலால் நடந்து போகலாம். விற்கப்பட்டவரை ரசிகர்கள் “பாவம், தள்ளிவிட்டார்கள்” என்கிறார்கள். நடந்து போனவரைத் துரோகி என்கிறார்கள். 2000இல் பார்சிலோனாவிலிருந்து நேரே ரியல் மாட்ரிடுக்குப் போன ஃபிகோ, 2002 நவம்பரில் பழைய மைதானத்தில் மூலை உதைக்கு நின்றபோது பார்வையாளர் பகுதியிலிருந்து ஒரு பன்றித் தலையே வந்து விழுந்தது. ‘இடமாற்றம்’ என்ற அலுவலகச் சொல் அந்தத் தலையைத் தாங்காது.

இதோடு ஒரு சிறு திருத்தம். செய்திகளில் ஒரு பருவத்துக்கு மட்டும் வேறு கிளப்புக்குப் போகிறவரைக் ‘கடன் அடிப்படையில்’ என்று எழுதுகிறார்கள். கடன் வாங்கிய பணத்தை வேறு தாளாகத் திருப்பித் தரலாம். வாங்கிய அதே பொருளைத் திருப்பித் தருவதற்கு நம்மிடம் ‘இரவல்’ இருக்கிறது. ஆட்டக்காரருக்குப் பதில் வேறொருவரை அனுப்பினால் எந்தக் கிளப்பும் ஒப்புக்கொள்ளாது. ஆகவே ‘இரவல் ஆட்டக்காரர்’ என்றே எழுத வேண்டுகிறேன்.

ஆய்தம் எழுதியது:

வணக்கம். பத்தாம் எண் தம்பி சுற்றி வளைத்துச் சொன்னதை இலக்கணம் இரண்டு சொற்களில் சொல்லிவிடும்: தன்வினை, பிறவினை.

ஏறு தன்வினை, ஏற்று பிறவினை. ஆனால் இரண்டிலிருந்தும் ‘ஏற்றம்’ என்ற ஒரே பெயர்தான் பிறக்கிறது. மாறு, மாற்று ஆகியவற்றுக்கும் ‘மாற்றம்’ ஒன்றுதான். எனவே ‘வெளியேற்றம்’ என்றாலும் ‘மாற்றம்’ என்றாலும் செய்தவர் யார் என்பது மறைந்துவிடுகிறது. குறிப்பேடு அவர்களின் நண்பர் குழம்பியதற்கு அவரைக் குறைசொல்ல முடியாது; சொல்லின் அமைப்பே அப்படி. ரசிகர்கள் ஓயாமல் வாதிடுவதும் எழுவாயைப் பற்றித்தானே? போனாரா, போக்கினார்களா? அந்த வாதத்தை அளக்க வந்த வினாத்தாள் எழுவாய் தெரியாத சொல்லை எடுத்துக்கொண்டால் எதை அளக்கும்?

நிகழ்ச்சியின் நடைமுறையே நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. நெதர்லாந்தில் 1999இல் ‘பிக் பிரதர்’ என்ற பெயரில் தொடங்கிய இந்த வடிவத்தின் பிரித்தானியப் பதிப்பில் யாரை அனுப்ப வேண்டும் என்று பார்வையாளர்கள் வாக்களித்தார்கள். அமெரிக்கப் பதிப்பில் 2001ஆம் ஆண்டின் இரண்டாம் பருவம் முதல் வீட்டுக்குள் இருப்பவர்களே வாக்களித்து அனுப்புகிறார்கள். 2017இல் தொடங்கிய தமிழ்ப் பதிப்பான ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சியில் பார்வையாளர்கள் காப்பாற்றத்தான் வாக்களிக்கிறார்கள். குறைவாகப் பெற்றவர் போகிறார். ஆக, தமிழ் ரசிகர் எவரும் எவரையும் அனுப்புவதில்லை. அதனால்தான் பிடித்தவர் போனதும் “நாம் போதிய வாக்கு போடவில்லை” என்று சிலர் தம்மையே நொந்துகொள்கிறார்கள், மற்றவர்கள் “அன்ஃபேர் எவிக்‌ஷன்” என்று தொலைக்காட்சியின் மேல் பாய்கிறார்கள்.

வாக்கால் போவது ஒன்று; விதியை மீறியதால் நிகழ்ச்சியாளர்களே அனுப்புவது வேறு. பிரித்தானியப் பதிப்பின் முதல் பருவத்தில், 2000இல், துண்டுச்சீட்டில் பெயர்களை எழுதிக் காட்டிப் வெளியேற்றத்துக்கு யாரை முன்மொழிவது என்ற பிறரின் முடிவுகளைத் திருப்ப முயன்ற ஒருவர் அப்படித்தான் அனுப்பப்பட்டார். தாமே கிளம்புவது மூன்றாவது. தமிழின் முதல் பருவத்தில் நடிகை ஓவியா வெளியே வந்தது வாக்கினால் அன்று. ஆகவே முறையே வாக்குநீக்கம், விலக்கம், விலகல் என்ற மூன்றை முன்வைக்கிறேன். நீங்கு–நீக்கு, விலகு–விலக்கு என்று தன்வினையும் பிறவினையும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன.

கால்பந்துக்கு வேர்தேடி ஐயாவின் வேரையே எடுத்துக்கொள்ளலாம். பெயர்ந்தால் பெயர்ச்சி, பெயர்த்தால் பெயர்ப்பு. வளர்ச்சியும் வளர்ப்பும் போல. ஒப்பந்தம் முடிந்து நடப்பது பெயர்ச்சி, கிளப் விற்பது பெயர்ப்பு.

கரும்பலகை எழுதியது:

ஐயா, அழகான பிரிப்புதான். ஆனால் ‘வாக்குநீக்கம்’ என்று கரும்பலகையில் எழுதினால், வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள் என்றுதான் என் மாணவர்கள் சொல்வார்கள். ‘வாக்கால் நீக்கம்’ என்று நீங்கள் மூன்றாம் வேற்றுமையில் விரிக்கிறீர்கள். அவர்கள் ‘வாக்கை நீக்கல்’ என்று இரண்டாம் வேற்றுமையில் விரிப்பார்கள். தொகை இரண்டுக்கும் இடம்தருகிறது. விலக்கம், விலகல் இரண்டையும் பின்வரிசையில் இருப்பவர் காதால் வேறுபடுத்துவது கடினம். பெயர்ப்பு என்றால் சுவரைப் பெயர்ப்பதுதான் நினைவுக்கு வருகிறது.

வேர்தேடி எழுதியது:

அன்புடையீர், பெயர்ச்சியை ஆய்தம் அவர்கள் ஏற்றதில் மகிழ்ச்சி. இன்னும் ஒரு படி போக விழைகிறேன்.

ரசிகரின் மனநிலையைத்தான் ஆய்வு கேட்கிறது என்றால், அதற்கு அகத்திணையை விடச் சிறந்த கருவூலம் உண்டா? பிரிவின் காரணங்களை ஓதல், பகை, தூது என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. பொருள் தேடிப் பிரிவதும் உண்டு. ஆட்டக்காரர் கூடுதல் ஊதியத்துக்காகப் போவது ‘பொருள்வயிற் பிரிவு’ என்பதில் ஐயமே இல்லை. இருந்து வருந்துகிற ரசிகர் தலைவியின் நிலையில் நிற்கிறார். எவிக்‌ஷனுக்கும் டிரான்ஸ்ஃபருக்கும் பொதுப்பெயராகப் ‘பிரிவு’ என்று வைத்தால் வினாத்தாளின் தலைப்பே திணையோடு இயைந்துவிடும்.

கிளப்பைப் பற்றியும் ஒரு சொல். ‘கழகம்’ என்று எழுதலாம். திருக்குறளின் சூது அதிகாரத்தில் கழகம் என்பது சூதாடும் இடம். ஆட்டக்காரர்களுக்குக் கிளப்புகள் கொட்டும் பணத்தைப் பார்த்தால் அந்தப் பழம்பொருளும் பொருந்தத்தான் செய்கிறது.

பத்தாம் எண் எழுதியது:

ஐயா, பொருள்வயிற் பிரிந்த தலைவன் திரும்பி வருவான். நெய்மர் பார்சிலோனாவுக்கு வரவில்லையே! 2017 ஆகஸ்டில் அவருடைய சட்டப் பிரதிநிதிகள் 22.2 கோடி யூரோவைப் பார்சிலோனா அலுவலகத்திலேயே கட்டிவிட்டு அவரைப் பாரிசுக்கு அழைத்துப் போனார்கள். கிளப் விற்கவில்லை; ஒப்பந்தத்தில் எழுதிய விடுவிப்புத் தொகை கட்டப்பட்டதால் தடுக்கவும் முடியவில்லை. இது பெயர்ச்சியா, பெயர்ப்பா? ஆய்தம் ஐயா சொல்ல வேண்டும்.

அதைவிடச் சிக்கல் மெஸ்ஸி. 2021 ஜூன் 30இல் ஒப்பந்தம் முடிந்தது. இருக்க அவருக்கும் விருப்பம், வைத்துக்கொள்ளக் கிளப்புக்கும் விருப்பம். ஸ்பெயினின் முதன்மைக் கால்பந்துத் தொடரான லா லிகாவின் நிதி விதிகள் குறுக்கே நின்றன. ஆகஸ்ட் 8இல் செய்தியாளர்கள் முன் அழுதார், 10இல் பாரிஸ் அணியில் சேர்ந்தார். தாள்களின்படி அவர் எவராலும் விற்கப்படாமல் தாமே சென்றவர். ஆய்தம் ஐயாவின் கணக்கில் தன்வினை. ஆனால் அன்று அந்த முகத்தைப் பார்த்த ரசிகரிடம் கேளுங்கள், அது எவிக்‌ஷன் என்பார். இலக்கணம் ஒன்று சொல்கிறது, ரசிகர் வேறொன்று சொல்கிறார். ஆய்வுக்கு வேண்டியது ரசிகர் சொல்வதுதானே?

ஆய்தம் எழுதியது:

தம்பி, நெய்மர் பெயர்ச்சிதான். பணம் கட்டியவர் தரப்பே நகர்ந்தது. மெஸ்ஸியைப் பொறுத்தவரை என் பிரிப்பு தடுமாறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வினை தன்வினையாக இருந்தும் விருப்பம் அவருடையதாக இல்லை. ‘போகவைத்தது’ என்பதற்குள் கருத்தா யார் என்று கேட்டால் ‘விதி’ என்றுதான் சொல்ல வேண்டும். விளையாட்டு விதியா, தலைவிதியா என்பதை அவரவர் முடிவுசெய்துகொள்ளட்டும்.

குறிப்பேடு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூன்று மணி ஆகிவிட்டதால் பின்வருமாறு எழுதி அனுப்புகிறேன். பெரும்பாலோர் இதை எதிர்க்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

எவிக்‌ஷனுக்கு ‘வெளியேற்றம்’, டிரான்ஸ்ஃபருக்குக் ‘கிளப் மாற்றம்’. கரும்பலகை அம்மாவின் ஆலோசனைதான். ஆனால் ஆய்தம் ஐயாவும் பத்தாம் எண்ணும் சொன்னதை விட மனமில்லாததால், ஒவ்வொரு பகுதியிலும் முதல் வினாவை வினைச்சொல்லாலேயே அமைத்துவிட்டேன்: “அவர் தாமாகப் போனதாக நினைக்கிறீர்களா, அனுப்பப்பட்டதாக நினைக்கிறீர்களா? அனுப்பப்பட்டார் என்றால், யாரால்?” பெயர்ச்சொல் மறைத்ததை ரசிகரே நிரப்பட்டும். ‘இரவல் ஆட்டக்காரர்’ என்பதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். வேர்தேடி ஐயா பொறுத்தருள வேண்டும், ‘வீடுபேறு’ இடம்பெறவில்லை.

வேர்தேடி எழுதியது:

பொறுத்தருளினேன். ஆனால் என் கட்டுரைகளில் ‘பெயர்ச்சி’ என்றே எழுதுவேன் என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.

ஆய்தம் எழுதியது:

அனுப்பிவிட்டீர்களா? இன்னும் அனுப்பவில்லையென்றால் ஒரு நிமிடம். ‘கிளப்’ என்று வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. குற்றியலுகரம் சேர்த்துக் ‘கிளப்பு’ என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் ‘கிளப்பு மாற்றம்’ என்பதில் கிளப்பு பெயரா, ஏவல் வினையா என்ற ஐயம் எழுகிறது என்பதையும் கவனிக்கவும்.