வந்திக்கும் அடி விழுந்ததா?

நாத்தனார்: மதினி, நேற்று புட்டுத் திருவிழாவுக்குப் புட்டுத்தோப்புக்குப் போனீர்களா? குரூப்பில் ஒரு போட்டோகூட வரவில்லையே.

நான்: போனோம். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் அத்தை. போட்டோ எங்கே எடுப்பது?

கொழுந்தன்: கூட்டம் எப்படி மதினி?

நான்: ஆரப்பாளையம் பக்கம் கால் வைக்க இடமில்லை. பரங்குன்றத்து முருகன், திருவாதவூரில் இருந்து மாணிக்கவாசகர், எல்லோரும் வந்தாயிற்று. பாப்பாவுக்குத் தங்க மண்வெட்டியையும் கூடையையும் பார்த்ததில்தான் சந்தோஷம். திரும்பி வந்து மாசி வீதியில் இறங்கினால் ஒரு வெளியூர்க் குடும்பம், மீனாட்சி கோயில் ஏன் சாத்தியிருக்கிறது என்று கேட்டார்கள். "சாமியும் அம்மனும் கூலி வேலைக்குப் போயிருக்காங்க, ராத்திரிதான் வருவாங்க" என்றார் அத்தை. அவர்கள் முழித்த முழி இருக்கிறதே!

கொழுந்தன்: ஹா ஹா, அம்மாவை இனிமேல் தனியாக விடாதீர்கள்.

நான்: அதை விடுங்கள். பாப்பா கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள். ராத்திரி படுக்க வைக்கும்போது கதை சொன்னேன். வைகையில் வெள்ளம், வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வரணும், புட்டு விற்கிற வந்திக்கு ஆளில்லை, சாமி கூலியாளாக வந்தார், உதிர்ந்த புட்டை வாங்கித் தின்றுவிட்டுத் தூங்கினார், பாண்டியன் பிரம்பால் அடித்தான், அந்த அடி எல்லார் முதுகிலும் விழுந்தது. வழக்கமாக இந்த இடத்துக்குள் தூங்கிவிடுவாள். நேற்று எழுந்து உட்கார்ந்துகொண்டாள். "எல்லார் மேலயும்னா வந்திப் பாட்டி மேலயுமா?" ஆமாம் என்பதா, இல்லை என்பதா? "அவங்க புட்டுதானே குடுத்தாங்க, அவங்களுக்கு எதுக்கு அடி?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டாள்.

கொழுந்தன்: விழுந்திருக்கும். எல்லார் என்றால் எல்லாரும்தான்.

நாத்தனார்: போடா. பாவம், கிழவி. அவளுக்கு விழுகிற மாதிரியா சாமி செய்திருப்பார்?

சின்ன மாமா: திருவிளையாடல் 64இல் இது 61வது. மண் சுமந்த படலம். அரசன், அரசி, யானை, குதிரை, வயிற்றுப் பிள்ளை வரைக்கும் அடி விழுந்தது என்பதுதான் கதை. அதற்குப் பிறகுதான் வந்தியைச் சிவலோகத்துக்கு அழைத்துப் போனார்கள். ஆக, அடி விழும்போது அவள் ஊரில்தான் இருந்தாள்.

கொழுந்தன்: சித்தப்பா கேஸை முடித்துவிட்டார்.

சின்ன மாமா: இரு, முடியவில்லை. அடித்த பாண்டியனுக்கும் அதே அடி. சாமிக்கும் தப்பவில்லை. மாணிக்கவாசகர் திருவம்மானையில் அந்தப் பொன்மேனியில் புண் என்றே பாடுகிறார். இதைப் பாப்பாவிடம் சொல்லம்மா.

நான்: புண் என்று சொன்னால் அப்புறம் நானும் தூங்க முடியாது மாமா.

பெரியவன்: அம்மா, இதையே நான் பத்தாவது படிக்கும்போது கேட்டேன். அதிகப்பிரசங்கி என்றாய்.

நான்: நீ கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் கேட்டாய்.

பெரியவன்: இப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சாமி இல்லை என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியவில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

நாத்தனார்: டேய், குரூப்பில் இதெல்லாம் எழுதாதே. அப்பத்தா காதுக்குப் போனால் அவ்வளவுதான்.

நான்: எழுதட்டும், விடு. சென்னைக்குப் போனதில் இருந்து வீடியோ காலில் இவன் நெற்றியைத்தான் முதலில் பார்ப்பேன். வெறும் நெற்றி. ஆரம்பத்தில் உறுத்தியது, இப்போது இல்லை. பக்தி என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. பஸ்ஸில் போகும்போது கோபுரம் கண்ணில் பட்டால் கை தானாகக் கன்னத்துக்குப் போகும், அதில் யோசனை ஒன்றும் கிடையாது. ராத்திரி பள்ளியறை பூஜைக்குச் சாமியின் பாதம் பல்லக்கில் அம்மன் சன்னிதிக்குப் போகிறதைப் பார்த்தால், கடையை அடைத்துவிட்டு வருகிற இவர் ஞாபகம் வரும், சிரிப்பும் வரும். அங்கே நின்று நான் கேட்பதும் பெரிய விஷயம் இல்லை. பாப்பாவுக்கு இருமல் நிற்கணும், அத்தைக்கு முட்டி வலி குறையணும், இவன் நேரத்துக்குச் சாப்பிடணும். இதையே தினமும் குரூப்பில் போட்டால் நீங்கள் மியூட் செய்துவிடுவீர்கள். மீனாட்சி செய்ய மாட்டாள். எனக்கு அந்த இடம் வேண்டியிருக்கிறது. இவனுக்கு இன்னும் வேண்டியிருக்கவில்லை, அதற்காக இவனிடம் போய்ச் சண்டை பிடிக்கவா?

நேற்று பாப்பா என்ன செய்தாள் தெரியுமா? இலைத் துண்டில் புட்டை வாங்கினாள், பாதி பாவாடையில். கொட்டினதைத் தட்டிவிடப் போனேன், விடவில்லை. விரல் நுனியில் எச்சில் தொட்டு, உதிரி உதிரியாக ஒற்றி எடுத்துத் தின்றாள். "உதிர்ந்ததுதானே சாமிக்குக் கூலி" என்றாள். இலையில் மிச்சம் இருந்ததை அழுத்தி அழுத்தி ஓர் உருண்டை பிடித்தாள். "இது அண்ணனுக்கு. உதிராதது."

வீட்டுக்காரர்: கடையில் கூட்டம். இப்போதுதான் பார்த்தேன். பல்லக்கெல்லாம் எனக்கு எங்கே? டிவிஎஸ்தான்.

கொழுந்தன்: அண்ணே, ஆவணியில் சாமிக்குப் பட்டாபிஷேகம் ஆகிவிட்டது. சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டம் கட்டும் வரை எட்டு மாதம் அவர் ஆட்சிதான். தைரியமாகப் பேசுங்கள்.

வீட்டுக்காரர்: அது கோயிலில். இங்கே பன்னிரண்டு மாதமும் சித்திரைதான். வைக்கிறேன், ஆள் நிற்கிறார்.

நான்: வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

நாத்தனார்: அம்மா என்ன சொல்கிறார் மதினி?

நான்: எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். இவன் எழுதினதையும் சேர்த்துத்தான். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். வந்தி விஷயத்துக்கு மட்டும் பதில் வந்தது, அப்படியே போடுகிறேன்: "புட்டு அவிச்சு அவிச்சுக் கூன் விழுந்த முதுகு. அதில ஒரு பிரம்படி விழுந்தா அவளுக்குத் தெரியவா போகுது? கூலிக்கு வந்த பையனுக்கு வலிச்சுதான்னுதான் கேட்டிருப்பா."

சின்ன மாமா: அண்ணி சொன்னது எந்தப் படலத்திலும் இல்லை. ஆனால் அதுதான் சரி.

நான்: பாப்பா ஒப்புக்கொள்ளவில்லை மாமா. வந்திப் பாட்டிக்கு யாராவது தைலம் தேய்த்துவிட்டார்களா என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு, தைலப் பாட்டிலை எடுத்துக்கொண்டு அத்தை முதுகுப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறாள். புதுப் பாட்டில், பாதி காலியாகப் போகிறது.

பெரியவன்: அந்த உருண்டை இருக்கிறதா?

நான்: எவர்சில்வர் டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்திருக்கிறாள். யாரையும் தொட விடவில்லை. வெல்லம் போட்டதுதான், இன்னும் ஒரு நாள் தாங்கும்.

கொழுந்தன்: நான் இன்று ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகிறேன். சாயங்காலம் வந்து டப்பாவை வாங்கிக்கொள்கிறேன் மதினி.

சின்ன மாமா: அப்படிப் போடு. அன்றைக்குப் புட்டுக்கூலியை அடித்த பாண்டியன் இன்றைக்குப் புட்டைச் சுமக்கிறான்.

பெரியவன்: காலையில் எழும்பூருக்கு வந்துவிடுகிறேன் சித்தப்பா. அம்மா, கூடவே விபூதிப் பொட்டலம் வைத்து அனுப்பாதே. பையில் எந்த ஜிப்பைத் திறந்தாலும் அதுதான் இருக்கிறது.

நான்: தூக்கிப் போட வேண்டியதுதானே?

பெரியவன்: அதை எப்படிப் போடுவது?

நான்: சரி, வைக்கவில்லை. டப்பாவை மட்டும் மறக்காமல் சித்தப்பாவிடமே கொடுத்துவிடு. போன தடவை முறுக்கு அனுப்பிய டப்பா இன்னும் வந்து சேரவில்லை.