கட்டுக்கு 25: முகாமில் பார்த்த பிள்ளைகள்

குடியாத்தம் பக்கம், இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர்:

கொரோனாவில் விட்டுப்போன படிப்பைப் பிள்ளைகளுக்குப் பிடித்துக் கொடுக்க 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது, எங்கள் தெருவுக்கு நான் சேர்ந்தேன். சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 வரை, எங்கள் வீட்டுத் திண்ணையில் 18 பிள்ளைகள்.

அதில் ஒருவன் ஆறாம் வகுப்பு. ஆறரைக்குத்தான் வருவான், உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவான். வகுத்தல் கணக்கு என்றால் நோட்டையே மூடிவிடுவான். பள்ளியில் கேட்டேன். "அவன் தூங்குமூஞ்சிம்மா, விடு" என்றார்கள். நானும் கொஞ்ச நாள் விட்டுவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

2023-இல் மூன்று நாள் சாரணர் முகாம். அந்தப் பையனும் வந்திருந்தான். சாரணியர் பெண்பிள்ளைகளுக்குத் துணையாக என்னையும் அழைத்தார்கள். இரண்டாம் நாள் காலை முடிச்சுப் பயிற்சி. ரீஃப் முடிச்சு, ஷீட் பெண்ட், க்ளோவ் ஹிட்ச் என்று சார் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். மற்ற பிள்ளைகள் கயிற்றின் முனையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இவன் மூன்றையும் போட்டுவிட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கடா கத்துக்கினே?" என்று சார் கேட்டதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான். அணிப் பையன்கள் கைதட்டியும் தலை நிமிரவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் தெருவில் அந்த விரல் வேகம் எங்கிருந்து வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அம்மா இலையில் தூளை வைத்துச் சுற்றுவார், பிள்ளை நூல் கட்டுவான். பிள்ளைகள் செய்யக்கூடாத வேலைகளில் பீடி சுற்றுவதை 1986-லேயே சட்டம் சேர்த்துவிட்டது. ஆனால் பீடி சுற்றும் முறம் இருப்பது வீட்டுக்குள்ளே.

அன்று ராத்திரி தட்டு கழுவும் இடத்தில் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒரு கட்டுக்கு எத்தினிடா?"

"25க்கா."

"ஆயிரத்துக்கு?"

"நாப்பது கட்டு."

"அறுநூறு சுத்தினா?"

"இருவத்தி நாலு." தட்டைத் தேய்ப்பதைக்கூட நிறுத்தவில்லை.

இந்தப் பிள்ளைக்கா வகுத்தல் வராது?

ஊர் திரும்பியதும் அவன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். சட்டம் பேசவில்லை. கணக்கைச் சொன்னேன், தூக்கத்தையும் சொன்னேன். "இன்னாம்மா பண்றது, கடன் கீது" என்றார். கொஞ்ச நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அஞ்சுக்கு அனுப்பிடறேன், நூல நானே கட்டிக்கிறேன்" என்றார். அடியோடு நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். பீடியை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் வரமாட்டான். மற்ற நாளெல்லாம் ஐந்துக்கு வந்தான், தூங்கவில்லை. வகுத்தலைக் கட்டுக் கணக்கிலேயே ஆரம்பித்தோம்.

அந்த முகாமுக்கு நான் போயிருக்காவிட்டால்? உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

காட்பாடி, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்:

அம்மா, நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் பிளஸ் ஒன் பிள்ளைகளைப் பல வருடம் கூட்டிப்போனவன் நான். காந்தி நூற்றாண்டில், 1969-இல் தொடங்கிய திட்டம். கிராமத்தில் ஏழு நாள் தங்கி, தெருவைக் கூட்டி, மரக்கன்று நட்டு, போட்டோவோடு அறிக்கை அனுப்பினால் முடிந்தது என்றுதான் நானும் முதலில் இருந்தேன்.

ஒரு முகாமில் ஜவ்வாது மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண். வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். சாயங்காலம் பார்த்தால், ஊர்ச் சின்னப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, எந்தப் பறவை எப்படிக் கூப்பிடும் என்று ஒவ்வொன்றாகக் கத்திக் காட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு பிள்ளை அசையவில்லை. திரும்பி வந்து வகுப்பாசிரியரிடம் சொன்னேன். "அவளா?" என்றார்.

அன்றிலிருந்து நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். பிள்ளைக்கு ஒரு பக்கம். முகாமில் கண்ணால் பார்த்ததை எழுதி, பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியர் கையில் கொடுத்துவிடுவேன். முகாமில் மலர்ந்த பிள்ளை வகுப்புக்கு வந்ததும் பழையபடி சுருங்கிப்போவதை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான். வீட்டு விஷயம் மட்டும் எழுதமாட்டேன். உங்கள் பையனைப் பற்றி அவன் போட்ட முடிச்சைச் சொல்லுங்கள். பீடியைச் சொல்வதா வேண்டாமா என்று அவனையே கேளுங்கள். கையை மறைத்தது அவன்தானே.

ஆம்பூர்க்காரன், இப்போது பெங்களூரில்:

எங்கள் காலத்தில் குடியாத்தம், காட்பாடி, ஆம்பூர் எல்லாமே வட ஆற்காடு மாவட்டம்தான், 1989-இல் பிரிப்பதற்கு முன்னால். பத்து வயதில் ஏலகிரிக்கு முகாம் போனேன். அந்த வயதிலும் ராத்திரியில் படுக்கையை நனைத்துவிடுவேன். போகமாட்டேன் என்று அழுதும் அப்பா பஸ் ஏற்றிவிட்டார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பையன்கள் கூச்சல் போட்டார்கள். எனக்கு ராத்திரி நினைப்புதான்.

முதல் ராத்திரியே நடந்துவிட்டது. விடிவதற்கு முன்னால் ஈரப் போர்வையைச் சுருட்டிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். எங்கள் குழுவைப் பார்த்துக்கொண்ட காலேஜ் அண்ணன் அங்கே பல் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு நேராக உள்ளே போய் எல்லாரையும் தட்டி எழுப்பினார். "எழுந்திருங்கடா, இன்னிக்கி எல்லாரும் போர்வை அலசணும். வெயில் ஏறதுக்குள்ள காயப்போடணும்."

இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி எல்லாப் போர்வையும் வரிசையாகக் காய்ந்தது. என்னுடையது எது என்று எனக்கே தெரியவில்லை.