ரிக்லி ஃபீல்டில் ஆர்கன் வாசிக்கிறார்கள்

[காலை 6:05] அக்கா (சிகாகோ): பெரியப்பா, எழுந்துவிட்டீர்களா? இங்கே ராத்திரி ஆட்டம், ரிக்லி ஃபீல்டில் உட்கார்ந்திருக்கிறேன். பேஸ்பால். இடையிடையே ஒருவர் ஆர்கன் வாசிக்கிறார். ரெக்கார்டு இல்லை, கையால் வாசிப்பது. உங்கள் ஆர்மோனியம்தான் ஞாபகம் வந்தது.

[6:09] பெரியப்பா: நாலரைக்கே எழுந்தாச்சு மா. ஆர்கன் என்றால் சர்ச்சில் இருக்குமே, அதுவா? விளையாட்டு மைதானத்தில் அதற்கு என்ன வேலை?

[6:12] அக்கா (சிகாகோ): அதே குடும்பம்தான் பெரியப்பா. பெரிய லீக் மைதானங்களில் முதலில் ஆர்கன் வைத்ததே இங்கேதான், 1941 ஏப்ரல் 26-ஆம் தேதி. ரே நெல்சன் என்பவர் வாசித்தார். பாட்டு உரிமைச் சிக்கலால் ரேடியோ ஒலிபரப்பு தொடங்கும் முன்பே நிறுத்த வேண்டியதாயிற்றாம். அடுத்த வருஷம் நியூயார்க் புரூக்ளினில் கிளாடிஸ் குடிங் என்ற அம்மாவை நிரந்தரமாகவே அமர்த்திவிட்டார்கள்.

[6:14] நான்: அக்கா, ஐபிஎல்லில் டிஜே பாட்டுப் போடுகிறாரே, அது போதாதா? இதற்கென்று ஒரு ஆள் எதற்கு?

[6:19] அக்கா (சிகாகோ): நேரில் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டாய். இப்போது ஒரு பேட்ஸ்மேன் அவுட். அடுத்தவர் நடந்து வருகிறார், பின்னாலேயே ஆர்கனும் வருகிறது. பிச்சர், அதாவது பந்து எறிபவர், பந்தோடு தயாராக நின்றதும் டக்கென்று நின்றுவிட்டது. நம் டீம் ரன் எடுக்க வாய்ப்பு இருந்தால் ஆறே ஆறு சுரம் ஏறி வரும், மொத்தக் கூட்டமும் ‘சார்ஜ்’ என்று கத்தும். வாசிப்பவர் ஆட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே முடியாது.

[6:21] சித்தி: கெட்டிமேளம் மாதிரி. தாலி கட்டுகிற நேரம் தவில்காரர் பேசிக்கொண்டே இருந்தாலும் கண் என்னவோ மணவறையில்தான் இருக்கும்.

[6:22] அக்கா (சிகாகோ): அதேதான் சித்தி!

[6:31] அக்கா (சிகாகோ): பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர். இதே ஊரின் இன்னொரு டீமான ஒயிட் சாக்ஸுக்கு 1970 முதல் 2010 வரை வாசித்த நான்சி ஃபாஸ்ட் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எந்த ஆட்டக்காரர் வந்தாலும் அவர் பேருக்கோ ஊருக்கோ பொருத்தமாக ஒரு பாட்டை அந்த நிமிஷமே எடுத்துவிடுவாராம். இங்கே கேரி பிரெஸ்ஸி 1987 முதல் 2019 வரை 33 சீசன் வாசித்தார், ஒரு ஆட்டம்கூட விடவில்லை.

[6:33] பெரியப்பா: 33 வருஷம் ஒரு நாள்கூட விடாமலா! பெரிய மனுஷர் அம்மா அவர். கும்பிட வேண்டும்.

[6:38] நான்: இன்னொன்று படித்தேன். 1985-இல் ஃபுளோரிடாவில் ஒரு சின்ன லீக் ஆட்டம். அம்பயர் தீர்ப்பு தப்பு என்று பட்டதும் வில்பர் ஸ்னாப் என்ற ஆர்கன்காரர் ‘மூன்று குருட்டு எலிகள்’ பாட்டை வாசித்துவிட்டார். அம்பயர் அவரையே வெளியேற்றிவிட்டார்!

[6:40] சித்தி: வாயே திறக்கவில்லையே அந்த மனுஷர்!

[6:41] பெரியப்பா: வாத்தியம் பேசியிருக்கிறதே. அம்பயருக்கும் புரிந்திருக்கிறது.

[7:24] அக்கா (சிகாகோ): பெரியப்பா, ஏழாவது இன்னிங்ஸ் பாதி முடிந்தது. எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். 1908-இல் எழுதிய பேஸ்பால் பாட்டு, ஆர்கனோடு சேர்ந்து மைதானமே பாடும். பதிவு செய்து அனுப்புகிறேன்.

[7:27] அக்கா (சிகாகோ): 🎤 குரல் பதிவு 0:48

[7:31] பெரியப்பா: கேட்டேன். திரும்பவும் கேட்டேன். மூன்று மூன்றாகப் போகிறது, கவனித்தாயா? தகிட தகிட. திஸ்ர நடை. அதனால்தான் அத்தனை பேரும் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே பாடுகிறார்கள்.

[7:32] அக்கா (சிகாகோ): ஆமாம் பெரியப்பா, தோளோடு தோள் சேர்த்து ஆடுகிறார்கள்!

[7:40] பெரியப்பா: ஆர்மோனியத்தை இறக்கச் சொல்லியிருக்கிறேன். துருத்தியில் காற்று நிற்கிறதா பார்க்க வேண்டும். ஆரம்பச் சுரத்தை மட்டும் இன்னொரு தடவை தெளிவாக அனுப்பு மா.